பனிப்புயலும் பொய் சொல்லும் பலகையும்

டொராண்டோவில் பனிப்புயல் என்றாலே வயிறு கலங்குகிறது. புயலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மெட்ரோ ரயில் நடைமேடைத் தகவல் பலகையைத்தான் பொறுக்க முடியவில்லை. '4 நிமிடத்தில் ரயில்' என்று காட்டும். கொஞ்ச நேரத்தில் 9 ஆகும். அப்புறம் அந்த வரியே காணாமல் போகும். ஏன், எதற்கு, ஒரு அறிவிப்பும் கிடையாது.

திறந்தவெளித் தடத்தில் மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தின் மேல் உறைபனி மழை படிந்து இறுகினால் ரயில் நகராது. தடம் மாற்றும் இடத்தில் பனி அடைத்துக்கொண்டாலும் அதே கதிதான். சரி, புரிகிறது. ஆனால் ரயிலுக்குப் பதிலாக விடும் ஷட்டில் பஸ் நிலையத்தின் எந்த வாசலில் நிற்கும் என்று சொல்ல என்ன கேடு? கைக்குழந்தையோடு ஒரு பெண் கொட்டும் பனியில் வாசல் வாசலாக ஓடுகிறார். ரயில் வராதென்றால் முதலிலேயே சொல்லித் தொலையுங்கள், வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்!