இஞ்சம்பாக்கம் வெறும் மணல்மேடாக இருந்ததில்லை

அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாட்களில் எனக்கே பத்துப் பேருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். மனை விற்பவர் ஒருவர், தென்சென்னையில் எங்கள் இஞ்சம்பாக்கம் கடற்கரையில் நின்றுகொண்டு, "இருபது வருஷத்துக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு? ஒண்ணுமே இல்ல, வெறும் மணல்மேடு" என்று சொல்கிறார். அதற்கு ஆயிரக்கணக்கானோர் விருப்பக்குறி இட்டிருக்கிறார்கள். நான் அதன்கீழ் நிதானமாக நான்கு வரி எழுதினேன். மாலைக்குள் அது நீக்கப்பட்டிருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஓர் ஊராட்சி இருந்தது. இஞ்சம்பாக்கம் ஊராட்சி, புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியம், காஞ்சிபுரம் மாவட்டம். அதற்குத் தலைவர் இருந்தார், வார்டு உறுப்பினர்கள் இருந்தார்கள், 'பஞ்சாயத்து போர்டு ஆபீஸ்' என்று எல்லோரும் அழைத்த அலுவலகம் இருந்தது. கோட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, உத்தண்டி என்று இந்தக் கரையில் இன்று நீங்கள் பேருந்து நிறுத்தங்களாக மட்டும் அறிந்திருக்கும் ஒவ்வொரு பெயரும் அன்று தனித்தனி ஊராட்சி. 2011 அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் ஆகிய 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அந்த 25 ஊராட்சிகளில் எங்களுடையதும் ஒன்று. மாநகராட்சியின் வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின, பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. சென்னை எவ்வளவு வளர்ந்தது என்பதைச் சொல்ல இந்தக் கணக்கை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். எங்களுக்கு அது 42 பெயர்ப்பலகைகள் இறங்கிய கணக்கு.

என் அப்பா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வீட்டு வரி ரசீதுகளை வைத்திருக்கிறார். கார்பன் தாளில் நகல் எடுத்த மெல்லிய தாள்கள், தொட்டால் உதிரும் மடிப்புகள், ஊதா நிற வட்ட முத்திரை. முத்திரையில் ஊர்ப்பெயர் மாறவே இல்லை. மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் செங்கல்பட்டு, பிறகு செங்கல்பட்டு எம்.ஜி.ஆர்., 1997-க்குப் பிறகு காஞ்சிபுரம். 2018-இல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தபோது நாங்கள் மாவட்டத்தாலும் சென்னைக்காரர்கள் ஆகிவிட்டோம். வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை. மணல்மேட்டுக்கு யாராவது வீட்டு வரி கட்டுவார்களா?

மேற்கே பக்கிங்காம் கால்வாய். விறகும் சவுக்குக் கட்டைகளும் ஏற்றிய படகுகள் அதில் சென்னைக்குப் போய்வந்ததை எங்கள் ஆயா கதை கதையாகச் சொல்வார். கிழக்கே மீனவர் குப்பம், கட்டுமரங்கள், வலை உலர்த்தும் மணல். இரண்டுக்கும் நடுவே சவுக்குத் தோப்பும் பனையும் தாழையும். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய ஓவிய நண்பர்களும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற பணத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தது எங்கள் ஊரில்தான். அவர்கள் தேடி வந்தது ஆளில்லாத இடத்தை அல்ல. அமைதியான ஓர் ஊரை. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிச் சுங்கச்சாவடி வந்தபின் காரில் வந்தவர்கள், தாங்கள் வந்த நாளையே இந்த ஊர் பிறந்த நாளாக எண்ணிக்கொள்கிறார்கள்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'வெறும் மணல்' என்ற சொல்தான் என்னை அதிகம் சுட்டது. சிறுவயதில் ஆயாவோடு தோப்புக்குப் போகும்போது தாகம் எடுத்தால், அவர் ஓர் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் மணலைத் தோண்டுவார். முழங்கை ஆழம் வந்ததும் நிறுத்திவிட்டு, "இருடா, தெளியட்டும்" என்பார். கலங்கலாக ஊறிய நீர் சற்று நேரத்தில் கண்ணாடிபோல் ஆகும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்த நீர் இளநீர்போல் இனித்தது. திருவான்மியூரிலிருந்து தெற்கே முட்டுக்காடு வரை நீளும் இந்த மணல்தான் மழையைக் குடித்து நன்னீராகச் சேர்த்து வைத்தது. சென்னை நகரமே இந்தக் கரையில் கிணறு தோண்டி நீர் எடுத்திருக்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வந்துவிடும் என்பதால்தான் 1987-இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டமே வந்தது. பிற்காலத்தில் ஜெர்மன் வங்கிக் கடனில் இந்த மணல் தரையில் மழைநீர் வடிகால் கட்ட மாநகராட்சி முனைந்தபோது, பெய்யும் மழையை மணலே உறிஞ்சிக்கொள்கிறது, வடிகால் எதற்கு என்று குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தது. எங்கள் பழைய வார்டு உறுப்பினர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் திண்ணையிலேயே இதைச் சொல்லியிருப்பார்கள்.

"அப்படியானால் மறுபடியும் பஞ்சாயத்தே வேண்டும் என்கிறாயா? அன்றைக்குத் தெருவிளக்கு எரிந்ததா, குப்பை அள்ளினார்களா?" என்று கேட்பீர்கள். எரியாத விளக்குகள் இருந்தன. குப்பை வண்டி இன்று ஒழுங்காக வருகிறது; நான் மறுக்கவில்லை. ஆனால் விளக்கு எரியாதபோது யாருடைய வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். "பஞ்சாயத்து என்றாலே பெரிய வீட்டுக்காரர்களின் ஆட்சிதானே" என்று இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார். அதில் உண்மை உண்டு. குப்பத்துக்கும் காலனிக்கும் எல்லாமே கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது; அதை மூடி மறைத்து ஊர்ப்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1994 ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996-இல் தேர்தல் நடந்தபோது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமும் பட்டியல் சாதியினருக்கு உரிய இடங்களும் வந்தன. நிலைமை மெல்ல மாறத் தொடங்கியிருந்தது. மாறத் தொடங்கிப் பதினைந்தே ஆண்டுகளில் அந்த மன்றமே இல்லாமல் போயிற்று.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. ஊராட்சியாக இருந்தவரை ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடவேண்டும். எல்லாக் கூட்டமும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். நடந்தபோது, மீன்கூடையைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்துக் கைநீட்டிக் கேள்வி கேட்ட அக்காக்களை நான் பார்த்திருக்கிறேன். மாநகராட்சியான அன்றோடு அந்த உரிமை போனது. 2016-இல் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை, ஐந்தாண்டுகளுக்கும் மேலாக எங்களுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அந்த நாட்களில் ஒரு சான்றுக்காக நான் ஓர் அலுவலகத்துக்குப் பழைய ரசீதோடு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு பஞ்சாயத்தே இப்ப இல்லையே சார்" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நான்தான் பதில் சொல்ல முடியாமல் திரும்பினேன்.

அப்பா ஒருமுறை வார்டு உறுப்பினராக இருந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று காலை கடல் ஊருக்குள் வந்துபோனபின், நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போய், எந்த வீட்டில் எத்தனை பேர், யார் திரும்பவில்லை, யாருடைய கட்டுமரம் உடைந்தது என்று இரவுவரை எழுதிக்கொண்டிருந்தார். யாரும் அவரை அனுப்பவில்லை. அவருக்கு அந்த வீடுகள் வரிசையாக, பெயரோடு தெரியும். நீங்கள் மணல்மேடு என்று சொல்லும் இடத்தில்தான் அந்த வீடுகள் இருந்தன, ஐயா.

காணொளியை அப்பாவும் பார்த்தார். இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. இரவு சாப்பிட்ட பின் அந்த டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, "இதெல்லாம் இனிமே எதுக்கு? போட்டுடலாமா?" என்று கேட்டார். டின்னை வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். கடைசி ரசீதின் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். ஆண்டு 2011. முத்திரை சற்று மங்கல்தான், ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் ஊர்ப்பெயர் தெரியும்.