உஷா உதுப் வங்காளியா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்க வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு படம் சுற்றுகிறது: "கொல்கத்தாவில் பிறந்த வங்காளிப் பெண் உஷா உதுப், 1980இல் பப்பி லஹிரி (இந்திப் பட இசையமைப்பாளர்) கண்டுபிடித்ததால் பாடகியானவர்." ஆச்சிமார் முதல் காலேஜ் பசங்க வரை அனுப்புறாங்க. இரண்டுமே தப்பு.

அவர் 1947இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், அப்பா அங்கே போலீஸ் அதிகாரி. உதுப் என்ற பெயர் கணவர் வழி வந்தது, அவர் கேரளக்காரர். வாழ்வது கொல்கத்தாவில், அதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

அப்புறம் அந்த 1980 கதை. அதற்குப் பதினோரு வருஷம் முன்பே, 1969இல், நம்ம சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்திலிருந்த நைன் ஜெம்ஸ் நைட் கிளப்பில் மேடையேறிவிட்டார், அதுவும் கவுன் போட்டுக்கொண்டு அல்ல, புடவை கட்டிக்கொண்டு ஜாஸும் பாப்பும் பாடினார். பிறகு கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் உணவகத்தில் பாடினார். பள்ளியில் குரல் கனமாக இருக்கிறதென்று பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர், முறையாகச் சங்கீதம் படிக்காதவர். பப்பி லஹிரி இசையில் 1980 முதல் வந்த பாட்டுகள் பெரிய ஹிட் என்பது நிஜம், ஆனால் தொடக்கம் அது இல்லை.

தமிழில் 'அஞ்சலி' படத்தின் 'வேகம் வேகம்' இவர் குரல்தான். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். அந்த வாட்ஸ்அப் படம் மறுபடி வந்தால் இதை அதற்குக் கீழே ஒட்டிவிடுங்க.