விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதில் என்ன தப்பு?

நேற்று அந்த வீடு கட்டுவோர் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். கேள்வி கேட்ட சகோதரியின் பெயரை இங்கே இழுக்கப் போவதில்லை, சிரித்தவர்கள் பெயரையும்தான். ஆனால் பேசாமல் போகவும் மனசு வரவில்லை.

அவர் கேட்டது இவ்வளவுதான். படுக்கையறை ஜன்னலுக்கு அசையாத கம்பி வைக்கச் சொல்கிறார் கான்ட்ராக்டர். தீப்பிடித்தால் அந்த வழியாக வெளியே வர முடியாதே, இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எங்கே எழுதியிருக்கிறது? இதற்கு ஒரு அனுபவசாலியின் பதில்: "அதையெல்லாம் இன்ஜினியர் பார்த்துப்பார், நீங்க டைல்ஸ் கலரைப் பாருங்க." அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். கொஞ்ச நேரத்தில் கேள்வியையே நீக்கிவிட்டார்கள்.

என் வீட்டை நான் எந்த விதிப்படி கட்டியாக வேண்டுமோ, அந்த விதியை நான் படிக்க முடிய வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மீறினால் அபராதம் எனக்கு, இடிக்கச் சொல்லி நோட்டீஸ் எனக்கு, விழுந்தால் அடி என் வீட்டு ஆளுக்கு. படிக்கும் உரிமை மட்டும் வேறு யாருக்கோ என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கான்கிரீட் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மேஸ்திரி நல்ல வேலைக்காரர். ஒவ்வொரு படியும் 175 மி.மீ. உயரம், அளந்து அளந்து அடித்தார். அப்புறம் தரை வேலை வந்தது. கீழ்த்தளத்தில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 60 மி.மீ. ஏறியது. மாடித் தளத்திலும் அதே 60. படிகளின் மேல் ஒட்டிய கல் மட்டும் 20 மி.மீ.தான். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியில் இருக்கும் முதல் படி 135 மி.மீ. ஆகிவிட்டது. நடுவில் எல்லாம் அதே 175. மாடியில் கால் வைக்கும் கடைசிப் படி 215. தப்பு செய்த கை என்று யாரையும் காட்ட முடியாது. கான்கிரீட் போடும் முன்பே தரையின் இறுதி மட்டத்தைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும், யாரும் எடுக்கவில்லை.

"கடைசிப் படி மட்டும் ஏன் தூக்கலாக இருக்கிறது? இதற்கு அளவு ஏதும் கிடையாதா?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். "படிக்கட்டுக்கெல்லாம் ரூல் ஒண்ணும் இல்ல சார், எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்றார் இன்ஜினியர். நம்பினேன். குடிபோன இரண்டாம் மாதம் அம்மா துணி எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். முதல் அடியே 215. வழக்கமான ஆழத்தில் தரை கிடைக்கும் என்று இறங்கிய கால், கிடைக்காமல் போனது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

ரூல் இருந்தது. அதை நான் படித்தது விழுந்த பிறகு, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, கைபேசியில்.

இந்தியாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு குடியிருப்புக்கான படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, மிதி, அதாவது கால் வைக்கும் பலகையின் ஆழம், 250 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு 196 வரை விடுகிறது. இங்கிலாந்து தனி வீட்டுக்கு 220 வரை கூட அனுமதிக்கிறது. உயரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது, சரி. ஆனால் ஒரே வரிசையில் படிகள் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதில் அவர்களும் விடவில்லை, இவர்களும் விடவில்லை. அமெரிக்க விதி கணக்காகவே சொல்கிறது: மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் 9.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் 80. இரண்டு மூன்று படி ஏறுவதற்குள் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது, அதற்குமேல் கண் பார்ப்பதில்லை, அதனால்தான் இந்த விதி. அந்த ஒரு பத்தியைக் கல் ஒட்டும் முன் படித்திருந்தால் பக்கத்தில் நின்று நான் தடுத்திருப்பேன்.

"அரைகுறை அறிவு ஆபத்து, ஆளாளுக்கு விதியைப் படித்துவிட்டு இன்ஜினியருக்குப் பாடம் எடுப்பார்கள்" என்று வருவீர்கள், தெரியும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கம்பிக் கணக்கு, மண் தாங்கும் திறன், பீம் அளவு இதெல்லாம் படித்தவர் வேலை, அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் படி உயரமும் ஜன்னல் அளவும் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியும் டேப் வைத்து அளந்து பார்க்கிற சமாச்சாரம். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே 102 மி.மீ. விட்டமுள்ள பந்து நுழையக்கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. குழந்தையின் தலையை மனதில் வைத்து எழுதியது. இதைப் புரிந்துகொள்ள எத்தனை வருடம் படிக்க வேண்டும்? அப்புறம், அரைகுறை அறிவு ஆபத்து என்றால் முழுசாகப் படிக்கத்தானே கேட்கிறோம்?

"ஆயிரக்கணக்கான பக்கம், யார் படிப்பார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு வேண்டியது இரண்டு பக்கம்.

கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் தேடியபோது முதலில் குழம்பியது எங்கே தெரியுமா? இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்கும் "ரூல்" என்ற ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு என்பது நில உபயோக விதி. சுவர், படி, ஜன்னல், தீ, மின்சாரம், கழிவுநீர் என்பது கட்டிட விதி. "ரூல்படிதான் கட்டியிருக்கிறோம்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான் சொல்கிறார்கள். எல்லையிலிருந்து விட வேண்டிய செட்பேக் விட்டாயிற்று, பிளான் அப்ரூவல் வாங்கியாயிற்று, முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்ரூவல் இருந்தது.

இன்னொன்று, தேசிய அளவில் எழுதப்படுவது பெரும்பாலும் மாதிரி விதிதான். இந்தியாவில் 1970-ல் முதலில் வந்து, 1983, 2005, 2016 எனத் திருத்தப்பட்ட தொகுப்பும் அப்படித்தான். மாநிலமோ உள்ளாட்சியோ அதைத் தன் விதியில் ஏற்றுக்கொண்டால்தான் அது நம்மைக் கட்டுப்படுத்தும். ஏற்கும்போது சிலதை வெட்டுவார்கள், சிலதை மாற்றுவார்கள். ஆகவே "எந்த வருடத்துப் பதிப்பு, இங்கே என்ன திருத்தம்" என்ற இரண்டையும் அனுமதி தரும் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். கையில் கிடைத்த பழைய பதிப்பை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். படிக்கும்போது விளக்கச் சொற்கள் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். "வசிக்கும் அறை" என்று விதி சொல்வதில் குளியலறை சேராது, இது தெரியாமல் அட்டவணையைப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அட்டவணையின் அடிக்குறிப்பை விடாதீர்கள், விதிவிலக்குகள் பல அங்கேதான் இருக்கும். விதி கேட்பது குறைந்தபட்சத் தரம்தான். அதைவிட நன்றாகக் கட்டினால் யாரும் தடுக்கப் போவதில்லை.

"விதி எழுதுகிற நிபுணர்களுக்குச் செலவு இல்லையா, இலவசமாகக் கேட்டால் எப்படி" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், அதனால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸில் பீட்டர் வீக் என்பவர் அன்னா, சவாய் என்ற இரண்டு சிறு ஊர்களின் கட்டிட விதியை இணையத்தில் ஏற்ற நினைத்தார். ஊர்களின் பிரதியைத் தேடிப் பார்த்தார், எளிதில் கிடைக்கவில்லை. கடைசியில் மாதிரி விதியை எழுதிய அமைப்பிடமே 72 டாலர் கொடுத்து வாங்கி, தன் தளத்தில் போட்டார். காப்புரிமை எங்களுடையது என்றது அந்த அமைப்பு. இரண்டு முறை வீக் தோற்றார். 2002-ல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பை மாற்றியது: சட்டமாக ஏற்கப்பட்ட பிறகு அந்த ஊர்களின் சட்டம் என்ற அளவில் அது பொதுச் சொத்து, யாரும் வெளியிடலாம். விதி எழுதுவது அதோடு நின்றுபோனதா என்ன? அங்கே இன்றும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2015-லிருந்து தன் தேசியக் கட்டிட விதியை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கனடா 2019-லிருந்து தருகிறது. இங்கிலாந்தின் வழிகாட்டி ஆவணங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு ஏன், ஏறக்குறைய 3,750 வருடத்துக்கு முன்னால் பாபிலோனிய மன்னன் ஹம்முராபி தன் சட்டங்களை ஆளுயரத்துக்கும் மேலான கருங்கல்லில் வெட்டி வைத்தான். கட்டியவன் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கும் மரணம் என்று அதில் இருக்கிறது. அந்தத் தண்டனையை நான் கேட்கவில்லை. அந்தக் கல்லின் முடிவுரையில் அநீதி இழைக்கப்பட்டவன் இங்கே வந்து இதைப் படிக்கச் செய்து கேட்கட்டும் என்று எழுதியிருக்கிறான். எழுத்துத் தெரியாதவன்கூடக் கல்லின் முன் வந்து நிற்கலாம். நம் குழுவில் ஒரு பெண் வந்து நின்றதற்குச் சிரித்தோம்.

ஆமாம், ஒரு பெண் என்பதால்தான். ஆண் கேட்டிருந்தால் டைல்ஸ் கலரைப் பார்க்கச் சொல்லியிருப்பார்களா? என் அம்மாவும் கேட்டார். கல் ஒட்டிக்கொண்டிருந்த நாளில் மாடிக்கு ஏறிவந்து, "மேல் படி காலுக்கு இடறுதுப்பா" என்றார். "புதுசு, பழகிவிடும்மா" என்று சொன்னவன் நான்தான். இன்ஜினியர் என்னிடம் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன். நேற்று அந்தச் சிரிப்பு முகங்களைப் பார்த்ததிலிருந்து அதுதான் தொண்டையில் நிற்கிறது.

சரி, சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விதி இருக்கிறது. நான் சொன்ன அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பில், தூங்கும் அறை ஒவ்வொன்றிலும் அவசரத்துக்கு வெளியேற ஒரு திறப்பு வேண்டும். திறந்த நிலையில் 0.53 சதுர மீட்டர், உயரம் 610 மி.மீ., அகலம் 508 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஜன்னலின் அடி தரையிலிருந்து 1,118 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கம்பி வைக்கலாம், ஆனால் சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளேயிருந்து திறக்க வர வேண்டும். நீங்கள் கட்டுகிற இடத்தில் எது அமலில் இருக்கிறது என்பதை அனுமதி அலுவலகத்தில் எழுத்திலேயே கேளுங்கள். அங்கே இப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், கீல் வைத்து உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி கம்பிச் சட்டம் செய்து தரச் சொல்லி உங்கள் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

குழுவை நடத்துகிறவர்களுக்கு: நீக்கிய கேள்வியைத் திரும்பப் போடுங்கள். கீழே இந்தப் பதிலை நானே எழுதுகிறேன்.