எந்தக் கிதாபு என்றுதான் கேட்டேன்

போன புதன்கிழமை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு யாராவது படம் பிடித்து அனுப்பியிருப்பார்கள். அதனால் முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. "ரமழான் பிறக்கும் செய்தியை யார் முதலில் பிறருக்குச் சொல்கிறாரோ அவருக்கு நரகம் ஹராம்", அதாவது விலக்கப்பட்டது, என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக மாமு அனுப்பிய ஒரு செய்தி வந்தது. பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று கீழே ஒரு வரி. நான் கேட்டது ஒன்றுதான்: "இது எந்தக் கிதாபில், எந்த நூலில் இருக்கிறது, மாமு?" அதற்கு எனக்குக் கிடைத்த பெயர் 'ஹதீஸ் மறுப்பாளி', நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளை ஏற்காதவள் என்று. இரவு பத்து மணிக்குள் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

நானா ஹதீஸை மறுக்கிறவள்? அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ருக்கு இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று), அந்தித் தொழுகையான மஃரிபுக்கு மூன்று என்று குர்ஆனில் எண்ணிக்கை இல்லை. தொழுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிட்டான்; "என்னை எப்படித் தொழக் கண்டீர்களோ அப்படித் தொழுங்கள்" என்று ரசூலுல்லாஹ், நம் நபியவர்கள், காட்டித் தந்தார்கள். கட்டாய தர்மமான ஜகாத் கொடுங்கள் என்று குர்ஆன் சொல்கிறது. வெள்ளியில் நாற்பதில் ஒரு பங்கு என்ற கணக்கு ஹதீஸில்தான் இருக்கிறது. ஹதீஸ் இல்லாமல் என்னால் ஒரு வேளைகூடத் தொழ முடியாது. அதனால்தான் கேட்டேன். எவ்வளவு பெரிய விஷயமோ அவ்வளவு கவனமாகக் கேட்க வேண்டாமா?

கேட்பது மறுப்பு அல்ல. கேட்டுக் கேட்டுத்தான் ஹதீஸ் நம் கைக்கே வந்து சேர்ந்தது. அபூமூஸா (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வராததால் திரும்பிப் போய்விட்டார்கள். ஏன் போனீர் என்று கேட்டதற்கு, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று நபியவர்கள் சொன்னதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) உடனே சாட்சி கேட்டார்கள். கேட்கப்பட்டவர் ஒரு நபித்தோழர்! அவர் சாட்சி தேடிப் போன தோழர்களின் சபையிலிருந்து அனுப்பப்பட்டது, அங்கே வயதில் இளையவரான அபூஸயீத் அல்குத்ரீ (ரலி). உமரை யாராவது ஹதீஸ் மறுப்பாளர் என்றார்களா?

நபித்தோழர் ஜாபிர் (ரலி) ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசத்துக்கு, இன்றைய சிரியா பகுதிக்கு, போனார்கள். திருப்பூரிலிருந்து கோவைக்கு ஐம்பது கிலோமீட்டர். பஸ் ஏறிப் போய் மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் கேட்டுவிட்டு வர நமக்கு நேரமில்லை. பத்துப் பேருக்கு அனுப்ப மட்டும் நேரம் இருக்கிறது.

நான் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு லாட் நூலோடு வேறு லாட் நூல் கலந்து பின்னப்பட்டால், சாயம் ஏறும் முன்பு கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறிய பிறகு பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது சாயப்பட்டறையைக் கேட்போம், பின்னிய இடத்தைக் கேட்போம், நூல் எந்த லாட்டில் வந்தது என்று மில் வரைக்கும் கேட்போம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு விசாரணை. ரசூலுல்லாஹ்வின் வாயில் ஒரு சொல்லை வைப்பதற்கு ஒரு விசாரணையும் கிடையாதா?

நம் இமாம்கள் செய்ததும் இந்த விசாரணைதான். யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, நினைவாற்றல் எப்படி, வயதான பிறகு குழப்பம் வந்ததா என்று ஒவ்வொரு அறிவிப்பாளரின் வாழ்க்கையையும் எழுதி வைத்தார்கள். ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) மறைந்த இமாம் புகாரி 'ஸஹீஹ்' என்ற தம் ஹதீஸ் தொகுப்பில் வைத்தது, திரும்ப வருபவற்றையும் சேர்த்து 7,000க்குச் சற்று அதிகம். அவரிடம் வந்து சேர்ந்தவையோ அதைவிடப் பல மடங்கு. விட்டதெல்லாம் மறுப்பா?

"நல்ல விஷயம்தானே, நன்மைக்குத்தானே அனுப்புகிறோம்" என்று எழுதிய அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதே எண்ணத்தில் இட்டுக்கட்டியவர்கள் அன்றும் இருந்தார்கள். மக்கள் குர்ஆன் ஓத வேண்டும் என்பதற்காக அதன் ஒவ்வொரு சூராவுக்கும் (அத்தியாயத்துக்கும்) சிறப்புச் சொல்லும் ஹதீஸ்களைத் தாமே உண்டாக்கியதாக நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரைப் பற்றி ஹதீஸ் கலை நூல்கள் சொல்கின்றன. நோக்கம் நல்லதென்று இமாம்கள் அவரை விட்டுவைக்கவில்லை. "என் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தம் இருப்பிடத்தை எடுத்துக்கொள்ளட்டும்" என்ற எச்சரிக்கையை அத்தனை தோழர்கள் அறிவித்திருக்கிறார்கள். நரகம் ஹராம் ஆகும் என்று நம்பிப் பகிர்கிற செய்தி எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது, அக்கா.

அமல்களின், அதாவது நற்செயல்களின், சிறப்புகளில் பலவீனமான ஹதீஸை ஏற்கலாம் என்று இமாம் நவவீ போன்றவர்களே சொல்லவில்லையா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சொன்னார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பலவீனமான ஹதீஸுக்கும் ஒரு கிதாபு இருக்கும், ஒரு ஸனது, அறிவித்தவர்களின் சங்கிலி, இருக்கும். இதற்கு எதுவுமே இல்லையே, தம்பி.

இன்னொரு கூட்டம் என் இன்பாக்ஸுக்கு வந்து பாராட்டுகிறது. "சரியாகக் கேட்டீர்கள், ஹதீஸே வேண்டாம், குர்ஆன் போதும்" என்று. உங்கள் பாராட்டு எனக்கு வேண்டாம். கள்ள நோட்டைக் காட்டியதும் நோட்டே செல்லாது என்கிறீர்கள். மக்களுக்கு விளக்குவதற்காகத்தான் நபிக்கு வேதம் அருளப்பட்டது என்று 16ஆம் அத்தியாயம் 44ஆம் வசனம் சொல்கிறது. அந்த விளக்கத்தை எடுத்து எறிந்துவிட்டு எப்படித் தொழுவீர்கள்?

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது வேறு ஒரு வரி. "பெண்களுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?" நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் 2,210. இப்னு உமர் (ரலி) சொன்ன ஒரு ஹதீஸை அவர்கள் திருத்தியபோது, "அவர் பொய் சொல்லவில்லை, மறந்திருப்பார், அல்லது தவறியிருப்பார்" என்றார்கள். மக்காவில் வாழ்ந்த கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண்மணியிடம் கதீப் அல்பக்தாதி போன்ற அறிஞரே ஸஹீஹுல் புகாரியைப் படித்தார். ஹதீஸில் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணைக்கூடத் தாம் அறியவில்லை என்று இமாம் தஹபீ எழுதினார். இந்தக் கலையில் பெண்களின் இடம் அது.

என் நன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தறிக்குத் தார் சுற்றிக்கொண்டே எங்களுக்கு ஹதீஸ் சொல்லுவார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் கையை நிறுத்தி, "இப்படியோ, இதைப் போலவோ சொன்னார்கள், கூட்டிக் குறைத்திருந்தால் அல்லாஹ் மன்னிக்கட்டும்" என்பார்கள். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன். நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்கள் ஹதீஸ் சொல்லி முடித்ததும் "அவ் கமா கால", அல்லது அவர்கள் சொன்னது போல, என்று சேர்ப்பார்கள் என்பதை முப்பது வயதில்தான் படித்தேன். அன்று நன்னியை நினைத்து அழுதேன். அந்தப் பயம் ஒரு கிராமத்துக் கிழவிக்கு இருந்தது.

மாமு, இந்தப் பதிவை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். எனக்கு அலிஃப் பா என்று அரபு எழுத்து சொல்லிக்கொடுத்தது நீங்கள். 'ஹ' தொண்டையிலிருந்து வரவில்லை என்று ஏழு வயதில் என்னை ஒரே வரியில் நாள் முழுக்க நிறுத்தினீர்கள். ஓர் எழுத்து பிசகினால் பொறுக்காத நீங்கள் ஒரு முழு ஹதீஸை எப்படி இப்படி விட்டீர்கள்? உங்களைப் பொய்யர் என்று நான் நினைக்கவே இல்லை. உங்களுக்கும் யாரோ அனுப்பியிருப்பார்கள். ஆனால் என்னை நீக்கியபோது நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் தூங்கவிடவில்லை.

குழுவில் திரும்பச் சேருங்கள் என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறேன், மாமி இருப்பார்கள்தானே. கிதாபைக் காட்டுங்கள். இருந்தால் நானே என் கையால் பத்துப் பேருக்கு அனுப்புகிறேன்.