சனம் வீட்டைக் கட்டும், நீங்கள் வாய்க்காலை வெட்டுங்கள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கி பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். பல வளவுகளில் இப்போது இரண்டு மூன்று அடுப்பு எரிகிறது. முன்னால் ஒரு கல்வீடு, பின்னால் கலியாணம் முடித்த மகளுக்கு ஒரு தகரக் கொட்டில், வேலியோரம் மகனுக்கு இன்னொன்று. காணி பெருகவில்லை, கிணறும் ஒன்றுதான், மலக்குழிதான் கூடிவிட்டது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது விட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், விடுவதற்கு இடம் எங்கே?

போருக்குப் பிறகு வந்த திட்டங்களெல்லாம் வீட்டைத்தான் எண்ணின. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாயைக் கட்டம் கட்டமாகத் தந்து சனத்தையே கட்டச் சொன்னார்கள். பலர் கடன்பட்டார்கள், ஆனாலும் அடுப்படி எந்தப் பக்கம், விறாந்தை எவ்வளவு என்பதை வீட்டுக்காரரே தீர்மானித்தார், அது சரியான வழி. 2016இல், தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் 65,000 இரும்பு வீடுகள் என்று வந்தபோது எதிர்ப்பு எழுந்ததும் நியாயம்தான்.

ஆனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பதை யார் பார்த்தார்கள்? மாரிக்கு முதல் ஒருவர் கிரவல் பறித்து வளவை உயர்த்துகிறார், தண்ணீர் பக்கத்து வளவுக்குள் போகிறது, அடுத்த வருடம் அவரும் உயர்த்துகிறார், கடைசியில் கிரவல் வாங்க வழியில்லாதவரின் கொட்டிலுக்குள்தான் அவ்வளவு தண்ணீரும் நிற்கிறது. வீதியை உயர்த்திப் போட்டுவிட்டு மதகு வைக்காமல் போன இடங்களும் உண்டு. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் இப்படியே இருக்கிறோம் என்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

வீட்டைச் சனம் மெல்ல மெல்லக் கட்டிக்கொள்ளும். வாய்க்காலைத் தனியொரு குடும்பம் வெட்ட முடியாது. இந்தியாவின் இந்தோரில் அரண்ய குடியிருப்பை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி இதைத்தான் செய்தார்: காணித் துண்டு, அத்திவாரம், குளியலறையும் மலசலகூடமும், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை முதலில் கொடுத்து, மிச்சத்தைக் குடும்பங்களிடம் விட்டார். பாகிஸ்தானில் கராச்சியின் ஓரங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் 1980இல் சமூக சேவையாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய வேலையில், ஒவ்வொரு ஒழுங்கைக்காரரும் காசு சேர்த்துத் தங்கள் ஒழுங்கைக்குக் குழாய் பதித்தார்கள், பெரிய வாய்க்கால் அரசின் பொறுப்பு. நம் சனத்துக்கு இது முடியாதா? சிரமதானம் செய்து பழகிய சனம்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது, பெர்மிட், அதாவது அரசு காணிக்குக் கொடுக்கும் பத்திரம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் பலரிடம் நீண்ட காலமாகக் காணிப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லையென்றால் வீட்டுத் திட்டப் பெயர்ப்பட்டியலில் இடமில்லை, வங்கிக் கடனும் இல்லை. எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இருப்பவர் ஒழுங்கைக் குழாய்க்குக் காசு தருவாரா? அதனால் காணிப் பத்திரம்தான் முதல் வேலை. அப்புறம் வளவுகள் இன்னும் துண்டாகுமுன் வாய்க்காலுக்கும், குழி இறைக்கிற பவுசர் உள்ளே வந்து திரும்புவதற்கும் நிலத்தை ஒதுக்கி வையுங்கள், பிறகு கேட்டால் யாரும் வேலியைத் தள்ளிப் போட மாட்டார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. தம்பிமார், தங்கச்சிமார், இந்த மாரிக்கு மட்டம் பார்க்கிற கருவியோடு ஒரு குடியிருப்புக்குள் இறங்குங்கள். மழைக்குள்ளேயே போங்கள். எந்த மூலையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று அங்குள்ள அக்காமார் சொல்லுவார்கள், அதைக் கேட்டு வரைபடம் போட்டுப் பிரதேச சபையின் மேசையில் வையுங்கள்.