குடும்பம் இல்லாதவராம்!

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் நினைவுக் கூட்டத்தில் பேசப்பட்ட அந்தப் பேச்சைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களே நெகிழ்ந்து போய்ப் பகிர்ந்திருக்கிறீர்கள். குடும்பம் என்ற ஒன்றே இல்லாமல் தன்னந்தனியாக வாழ்ந்து மறைந்தவர் என்று பேச்சாளர் தழுதழுத்தார், அரங்கம் கைதட்டியது. இரண்டு நாள்களாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஐடாவுக்குக் குடும்பம் இருந்தது. அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. தந்தையும் மருத்துவர்தான். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த இந்தப் பெண், பஞ்ச காலத்தில், சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டிய சிறுமி. அந்த நினைவின் கனம் தாங்காமல்தான் மிஷனரியாக மாட்டேன் என்று அமெரிக்காவில் அடம்பிடித்தார். அவரைத் திரும்ப இழுத்து வந்தது, உடல்நலம் குன்றியிருந்த தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அழைப்பு. அதாவது குடும்பம்!

திண்டிவனத்து இரவை எல்லா மேடையிலும் சொல்கிறோம். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூன்று கணவர்கள் மறுத்ததால், பேறுகாலத்தில் மூன்று பெண்கள் ஒரே இரவில் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. சொல்ல வேண்டிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் பேச்சு அங்கிருந்து ஒரே தாவலாக இன்றைய வேலூர் மருத்துவமனைக் கட்டடங்களுக்குப் போய்விடுகிறது. 1899இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பியவர், அடுத்த ஆண்டே தந்தையை இழந்து, வீட்டின் ஒரு சிறிய அறையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது அந்த வீட்டில் உடன் இருந்தவர் யார்? தாய் சோபியா. கணவரைப் பறிகொடுத்த பிறகும் மகளோடு வேலூரிலேயே தங்கிவிட்ட அந்தத் தாயைப் பற்றிப் பேச்சில் ஒரு வரி கிடையாது.

அண்ணன் மகளைப் பற்றியும் கிடையாது. அத்தையின் பெயரையே தாங்கிய அந்த டாக்டர் ஐடா பி. ஸ்கடர், அத்தை உருவாக்கிய மருத்துவமனைக்கே வந்து கதிரியல் துறையைக் கட்டி எழுப்பினார். அத்தை விட்ட இடத்தில் மருமகள் தொடர்வதைக் குடும்பம் என்று ஒப்புக்கொள்ள இன்னும் என்னதான் சான்று வேண்டும்? ஒருவேளை திருமண அழைப்பிதழ் கேட்பார்களோ, என்னவோ.

புகழ்ந்துதானே சொன்னார், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். காமராஜரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதை நாம் பெருமிதத்தோடு சொல்கிறோம். ஐயோ பாவம், தனிமையில் வாடினார் என்று எவரும் மேடையில் கண் கலங்குவதில்லை. ஆணின் மணமாகாத வாழ்க்கை துறவு, பெண்ணுடையது வெறுமை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அதற்குப் புகழ்ச்சி என்று வேறு பெயர் சூட்டுகிறீர்கள்.

மதம் மாற்ற வந்தவருக்கு இவ்வளவு பரிவா என்று கேட்பவர்களும் வருவார்கள். அவர் மிஷனரி, அதை அவரும் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ஜெபமில்லாமல் அவருடைய ஒரு நாளும் இல்லை. அந்த விசுவாசத்தை உரித்துப் போட்டுவிட்டுச் சேவையை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள முடியாது. மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையோரம் மரத்தடியில் நின்று அவர் புண்ணுக்குக் கட்டுப் போட்டாரே, அந்த ஊர்களில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதாக இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அத்தை செவிலியர். திருமணம் செய்துகொள்ளவில்லை. இரவுப் பணி முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் எங்களுக்குத் தலை பின்னி விட்டவர். அவருடைய அடக்க ஆராதனையில் போதகர், தமக்கென ஒருவருமின்றி வாழ்ந்த சகோதரி என்று ஜெபித்தார். அண்ணன் தம்பி பிள்ளைகள் நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அத்தையின் வேதாகமத்தைத் திறந்தபோது, சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே எங்கள் பள்ளிக் கட்டண ரசீதுகள் வருட வரிசைப்படி மடித்து வைக்கப்பட்டிருந்தன. என் பெயருக்கு நேரே, கட்ட வேண்டிய அடுத்த தவணையைப் பென்சிலால் குறித்திருந்தார். ஒருவருமின்றி வாழ்ந்தவராம்.

1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, பெண்கள் படிக்க வரமாட்டார்கள் என்று ஐடாவிடம் சொன்னவர்கள் உண்டு. வந்தார்கள். 1922இல் முதல் அணி படிப்பை முடித்து வெளியே வந்தது. அப்படி அவர் கையால் உருவான பெண்களின் பெயர்களை மேடையில் படித்திருந்தாலே பேச்சாளருக்குக் கொடுத்த நேரம் போதாமல் போயிருக்கும். 89 வயது வரை வாழ்ந்த ஒருவரை, இல்லாத கணவரையும் பிறக்காத பிள்ளைகளையும் வைத்து அளக்கும் வேலை மிச்சப்பட்டிருக்கும்.

இப்படி எழுதினால் பேச்சாளரின் மனம் புண்படும் என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் அறிவுரை அனுப்பியிருக்கிறார். மிக்க நன்றி. அன்று அந்த முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் மனம் என்ன ஆயிற்று என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை, நீங்களும் கேட்கவில்லை.