“இதுல என்ன வரும்?”

எங்க செட்டிநாட்டுப் பக்கம் யார் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். வட்டி, வாடகை, வரவு, பற்று என்று தலைமுறை தலைமுறையாகப் பேரேட்டோடு வாழ்ந்த மண். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்துப் பழக்கம். கேள்வியில் தப்பில்லை. இந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு நிற்கிற பெரிய வீடுகளைக் கட்டியதே அந்தக் கேள்விதான். ஆனால் சாயங்காலம் ஒரு பொம்பளை அரை மணி நேரம் ஓலையும் கையுமாக உட்கார்ந்தால் அவளிடமும் அதையே கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்று ஏறுகிறது.

நான் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, பின்னுகிறேன். குடியிருப்பது பள்ளத்தூர், வேலை காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். மாசா மாசம் 11, 20 என்று ஜிஎஸ்டி தேதிகள், செப்டம்பர் கடைசி வந்தால் தணிக்கை அறிக்கை. (தேதி முடிகிற அன்றைக்குத்தான் மஞ்சப்பை நிறைய பில்லைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.) வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, சர்க்கரை உள்ள மாமியார். எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

நேரமில்லை என்கிறவர்கள் அடுத்த மூச்சில் சொல்வது, “ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.” செட்டிநாட்டில் ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? முகூர்த்த நாள் என்றால் கல்யாணம். இல்லையென்றால் காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், எங்காவது குடமுழுக்கு. ஒன்றுமே இல்லையென்றால் மதுரையிலிருந்து சொந்தம் வந்து இறங்கும். அவர்களுக்கு ஆயிரம் ஜன்னல் வீட்டைக் காட்டணும், கானாடுகாத்தான் அரண்மனையைக் காட்டணும், ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றிப் பூக்கல் என்கிற தரை ஓடு போடுவதைக் காட்டணும். சாப்பாடும் போடணும். நம்முடைய ஆசையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைப்பது, வராக்கடனை இன்னொரு வருஷம் புத்தகத்தில் இழுத்துக்கொண்டு போவது மாதிரி. வசூலாகாது என்று எழுதுகிறவனுக்கே தெரியும்.

தினம் கொஞ்சம் என்பது நானாகக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. ஓலை போட்ட சட்டம் அது. விரியாத பனங்குருத்தை வாங்கி, பிரித்து வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் வகிர்ந்து வைத்துக்கொள்வேன். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத்தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்துவேன். இதுவரைக்கும் மொத்தமாகச் செய்துகொள்ளலாம். பின்னுவதை மட்டும் மொத்தமாகச் செய்ய முடியாது. காய்ந்த ஓலையை மடித்தால் கீறும், திருப்பினால் ஒடியும். ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்கி எடுத்தால்தான் வளையும். சரி என்று ஒரு கட்டு ஓலையையும் நனைத்து வைத்தால், பின்னாமல் மிஞ்சியது பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். அதனால் அன்றைக்கு வேண்டிய ஒரு கைப்பிடி மட்டும். அந்தக் கைப்பிடி முடிகிறபோது அன்றைய பின்னலும் முடிந்தது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் முடியும், ஓலை கண்ணெதிரே விறைத்துவிடும்.

எனக்குக் கை பழக்கிய ஆச்சி அடுத்த தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஒன்றுதான்: “நெறைய நனைக்காதே ஆத்தா, கை எவ்வளவு கேக்குதோ அவ்வளவு நனை.” அவர்கள் காலத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பின்னுவார்களாம். மகள் கல்யாணச் சீருக்குக் கொட்டான். அதற்குக் குரோஷா நூலில் உறை, ஓரத்தில் பாசிமணி. ஆண்கள் கடல் கடந்து வருஷக்கணக்கில் இருந்த வீடுகளில் அந்த மத்தியானங்கள் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்! இன்றைக்கு அவ்வளவு நீள மத்தியானம் யாருக்கும் இல்லை. கைப்பிடி ஓலைக்கு ஆகிற நேரம் இருக்கிறது.

அடிப்பகுதியைக் குறுக்கும் நெடுக்கும் பின்னுவது சுலபம். மூலை திருப்புவதில்தான் ஆள் தெரியும். தட்டையாகக் கிடந்தது எழுந்து நிற்க வேண்டிய இடம் அது. இழுப்பு கொஞ்சம் தளர்ந்தால் சுவர் சாய்ந்துவிடும். அலுவலகத்தில் இரண்டு ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக் கண் பூத்துப்போய் வருகிற நாளில் ஒரே ஒரு மூலையைத் திருப்பிவிட்டு எழுந்திருப்பேன். அந்த நாள் எனக்கு வீணாகாது.

“கிரைண்டர் ஓடும்போது பின்னலாமே, நேரம் மிச்சமாகுமே” என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. உளுந்துக்குத் தண்ணீர் தெளிப்பதா, ஓலைக்குத் தெளிப்பதா? இன்னொரு வேலையின் இடுக்கில் செருகினால் அதுவும் ஒரு வேலையாகிவிடும். எனக்கு வேண்டியது யாரும் எதுவும் கேட்காத நேரம். அதற்கு வீட்டில் இருப்பவர்கள் ஒத்துழைக்கணும். இதைப் பேசாமல் “தினமும் உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்” என்று அறிவுரை சொல்வது சும்மா. கைக்குழந்தைக்காரியிடம் போய் அதைச் சொன்னால் அவள் திட்டத்தான் செய்வாள், திட்டணும். அவளிடம் சொல்வதை விட்டுவிட்டுக் குழந்தையைக் கொஞ்ச நேரம் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடக்கிற ஆளைத் தேடுங்கள். எங்கள் ஊர் ஆண்கள் காலையில் டீக்கடையில் பேப்பரும் அரசியலுமாக ஒரு மணி நேரம் உட்கார்வதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை, அதில் என்ன வரும் என்று கேட்பதும் இல்லை. என் கணவரிடம் இதைச் சொல்லிக் காட்டினேன். சண்டை ஒன்றுமில்லை. சாயங்காலம் மாமியாருக்குக் காபியும் மாத்திரையும் இப்போது அவர் பொறுப்பு.

அடுத்தது ஆர்டர். “நல்லாப் பின்னுறீங்க, கல்யாணத்துக்கு நூறு கொட்டான் போட்டுக் கொடுங்களேன், தாம்பூலம் வச்சுக் கொடுக்க.” மறுத்தால் கர்வம் என்கிறார்கள். பிழைப்புக்காகப் பின்னுகிற பெண்கள் இங்கே கிராமங்களில் இருக்கிறார்கள். வழக்கொழிந்து போக இருந்த இந்தக் கலையை 2000-ஐ ஒட்டி எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை மூலம் விசாலாட்சி ராமசாமி கையில் எடுத்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டார். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நூறு வேண்டுமென்றால் அந்தப் பெண்களிடம் வாங்குங்கள், விலையில் பேரம் பேசாமல் வாங்குங்கள். அவர்கள் பின்னல் என்னுடையதைவிடச் சீராகவும் இருக்கும். நான் நூறுக்கு ஒத்துக்கொண்டால் என் சாயங்காலத்துக்கும் ஒரு கடைசித் தேதி வந்துவிடும். தேதிகள் எனக்கு அலுவலகத்தில் போதுமான அளவு இருக்கின்றன.

பொழுதுபோக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கோட்டையூர்க்காரர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக்க வழிசெய்தது. பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிற தொனி எனக்குப் பிடிப்பதில்லை. “பாத்தியா, பொழுதுபோக்கா ஆரம்பிச்சது எங்க போய் முடிஞ்சிருக்கு!” மறுபடியும் அதே பேரேடு, வரவுப் பக்கத்தில் சிகாகோ. யாரோ கசக்கி எறிகிற நோட்டீஸை ஒரு மனுஷன் தேடித் தேடி வாங்கி, பூச்சி அரிக்காமல் பொத்திப் பொத்தி வைத்த அத்தனை நாட்களிலும் அந்த வரவு கண்ணுக்குத் தெரிந்திருக்க முடியாது. அப்போதும் செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சிகாகோ வராமல் போயிருந்தாலும் அவர் சாயங்காலங்கள் அவருக்கு நிறைந்துதான் இருந்திருக்கும்.

ஃபோனைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. பின்னும்போது வீடியோ எடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஓலை காய்ந்துவிடும்.

ஒரு உபயோகமான விஷயம்: சாமானைப் பரணில் வைக்காதீர்கள். ஏணி போட்டு இறக்கணும் என்றால் அரை மணியில் பாதி அதிலேயே போய்விடும். என் ஓலைக்கட்டும் கத்தியும் துணியும் பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், தூணோரம் ஒரு பெட்டியில் கண்ணில் படுகிற மாதிரி இருக்கின்றன. வருகிறவர்கள் “என்ன, வாசல்லயே குப்பை” என்கிறார்கள். இருக்கட்டும்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒருவர் மகனின் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஆறாவது படிக்கிற பையன், பக்கம் பக்கமாக பஸ் வரைந்திருக்கிறான். திருச்சி பஸ், தேவகோட்டை பஸ், டவுன் பஸ், டிரைவர் தலைக்கு மேல் மாலை போட்ட சாமி படம் வரைக்கும். “டிராயிங் கிளாஸ்ல சேத்து லோயர் கிரேடு பரீட்சை எழுத வச்சிருவோமா? பின்னாடி எதுக்காவது ஆகும்ல?” என்றார். பையன் கேட்டானா என்றேன். கேட்கவில்லையாம். அப்படியென்றால் இன்னும் இரண்டு நோட்டும் ஒரு நல்ல பென்சிலும் வாங்கிக் கொடுங்கள் அண்ணே, வேறெதுவும் செய்யாதீர்கள் என்றேன். காசு கொடுத்துக் கேட்ட ஆலோசனையாக இருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். சும்மா கிடைத்ததால் யோசித்துக்கொண்டே போனார்.